இடது ஓரத்துப் பட்டன்

பெட்டி இன்னும் கம்ப்யூட்டர் திரையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. மூடப் போகிறாயே, செய்ததைச் சேவ் பண்ணவா வேண்டாமா என்று ஒரு வரி. அதற்குக் கீழே மூன்று பட்டன்கள். இடது ஓரத்தில் டோன்ட் சேவ், நடுவில் கேன்சல், வலது ஓரத்தில் நீல நிறத்தில் சேவ். ஆவுடையப்பன் மவுஸின் மேல் கையை வைத்தார், எடுத்தார், உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார், மறுபடி வைத்தார். ஏ.சி. காற்று பிடரியில் நேராக விழுந்தும் கை வேர்த்தது. வெளியே கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தான், இந்தக் காலை வெயிலில் அவனுக்கு யார் மேல் அத்தனை கோபமோ. பெட்டிக்குப் பின்னால் போஸ்டர் பாதி மறைந்து பாதி தெரிந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி என்று அவரே தேர்ந்தெடுத்த எழுத்து, அதற்குக் கீழே அவர் மனைவி காந்திமதியின் சிரித்த முகம். காந்திமதி சாகவில்லை. பைபாஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில், மாடியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் புறம் வாயில் குழாயோடு படுத்திருக்கிறாள். மூச்சு இருக்கிறது. மிஷின் விடுகிற மூச்சோ அவள் விடுகிற மூச்சோ, இருக்கிறது. உயிரோடு இருக்கிறவளுக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்துவிட்டு, அதைச் சேவ் பண்ணுவதா வேண்டாமா என்று கேட்கிற பெட்டிக்கு முன்னால் அவளுடைய புருஷன் உட்கார்ந்திருந்தார்.

அவராக ஆரம்பிக்கவில்லை. மச்சினன் வேலாயுதம் சொன்னான். நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "தப்பா எடுத்துக்கிடாதீங்க அத்தான். டாக்டரு கைய விரிச்சிட்டாரு. இன்னைக்கோ நாளைக்கோன்னுட்டாரு. நம்ம வீட்டுப் போஸ்டரு எல்லாம் நீங்கதான பண்ணியிருக்கீங்க, அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு. அக்காவுக்கு மட்டும் எவனோ ஒருத்தன் பண்ணி, மூஞ்சிய அகலமா இழுத்து வச்சான்னா என்னால பாக்க முடியாது. அன்னைக்கு உங்களுக்குக் கை ஓடாது. இப்பவே பண்ணி வச்சிருங்க." அவன் கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். அக்கா மேல் உயிரையே வைத்திருக்கிறவன், வராந்தாவிலேயே படுத்துக் கிடக்கிறவன், அழுது அழுது முகம் வீங்கிப்போனவன். பாசத்தில்தான் சொன்னான். பண்ணி வச்சிருங்க. பண்ணி வச்சிருங்க. இட்லிக்கு மாவு ஆட்டி வச்சிருங்க என்பது மாதிரி. உள்ளே காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் விடுகிறார்கள். இடைப்பட்ட பொழுதை அந்த வராந்தாவில் டெட்டால் வாசத்தோடு உட்கார்ந்து கழிக்க அவரால் முடியவில்லை. தான் டிசைன் பண்ணுகிற அச்சுக்கடையில் முகூர்த்த மாத வேலை குவிந்து கிடக்கிறது என்று காரணம் சொல்லி, இன்று காலையில் அவளைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்தார். வந்தவர் செய்த முதல் வேலை இது.

எல்லாம் கடையில் இந்தப் புதுக் கம்ப்யூட்டர் மிஷினால் வந்த வினை. பழைய மிஷினாக இருந்தால் இந்நேரம் கை தன் பாட்டுக்குப் போய் அமுக்கியிருக்கும், அவர் யோசிக்க வேண்டியிருந்திருக்காது. இருபத்தைந்து வருஷமாகப் பழைய மிஷினில் இதே பெட்டி வரும், இதே கேள்வி கேட்கும். அங்கே சேவ் இடது ஓரம். ஆமாம் என்பது இடது ஓரம், வேண்டாம் என்பது அடுத்து, கேன்சல் கடைசி. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கட்சி போஸ்டர், கபடிப் போட்டி நோட்டீஸ், எது செய்தாலும் முடித்ததும் பெட்டி வரும், கை இடது ஓரத்துக்குப் போகும். கண் பார்க்காது. வாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளோடு பேசிக்கொண்டிருக்கும். போன மாதம் முதலாளி இந்த வெள்ளை மிஷினை எங்கேயோ பெங்களூரில் பிடித்து இறக்கினார். கலர் துல்லியமாக வருமாம். வந்ததே தவிர, எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, பட்டனெல்லாம் தலைகீழ். மாட்டி விட வந்த பையனிடம் கேட்டபோது அவன் விளக்கம் வேறு சொன்னான். "நாம இடமிருந்து வலமாத்தான சார் படிக்கிறோம். கண்ணு கடைசியா வந்து நிக்கிற இடம் வலது ஓரம். நீங்க செய்ய வேண்டியது அங்க இருக்கும். அழிக்கிறது தூரத்துல, இடது ஓரத்துல. கை தவறிப் படக் கூடாதுல்ல." பழைய மிஷின்காரன் மட்டும் வலமிருந்து இடமாகவா படித்தான்? முதலில் கண்ணில் படுவது முக்கியமானதாக இருக்கட்டும் என்று அவன் நினைத்திருப்பான். கடைசியில் கண் நிற்பது முக்கியமானதாக இருக்கட்டும் என்று இவன் நினைக்கிறான். இரண்டு பேரும் அவரவர் ஊரில் நன்றாகத்தான் இருப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது ஆவுடையப்பனின் கை. வந்த முதல் வாரத்திலேயே ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரின் அட்டையை, பாதி நாள் உட்கார்ந்து செய்ததை, சேவ் பண்ணுவதாக நினைத்து இடது ஓரத்தில் அமுக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது காந்திமதி சிரித்த சிரிப்பு. "உங்க கைக்கு வயசாயிட்டு, உங்களுக்குத்தான் ஆகல" என்றாள். அவள் கையில் அப்போது முருங்கைக்கீரை இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பெட்டி வரும்போதும் அவர் நிறுத்தி, வலது, வலது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் அமுக்குகிறார்.

போஸ்டர் நன்றாக வந்திருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இந்தத் தொழிலில் செத்தவருக்குப் புதுசாக யாரும் செய்வதில்லை. போன வாரம் செத்தவரின் ஃபைலைத் திறந்து, அவர் படத்தைத் தூக்கிவிட்டு இவர் படத்தை வைத்து, பெயரை மாற்றி, தேதியை மாற்றி, வேறு பெயரில் சேவ் பண்ணிக்கொள்வார்கள். ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர். அதே விளக்கு, அதே பூமாலை, அதே ஊதா வானம். ஆவுடையப்பனும் வழக்கம்போல் கடைசியாகச் செய்த ஃபைலைத் திறந்தார். கடலை மிட்டாய்க் கம்பெனி வைத்திருந்த ஒரு பெரியவர் மீசையோடு பார்த்தார். அவர் இடத்தில் காந்திமதியை வைக்க மனசு வரவில்லை. அதை மூடிவிட்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வெறும் வெள்ளைப் பக்கத்தில் ஆரம்பித்தார். அவளுக்கு ஊதா பிடிக்காது, அதனால் சந்தன நிறம். மாலை வேண்டாம், மல்லிகைச்சரம் மட்டும் ஓரத்தில். படம் வேலாயுதத்தின் மகளுக்குக் காது குத்தியபோது எடுத்தது, அதில்தான் அவள் பல் தெரியச் சிரித்திருந்தாள். ஆனால் அந்தப் படத்தில் அவரும் பக்கத்தில் நின்றார். அவள் தோளில் கை போட்டிருந்தார். எல்லார் முன்னாலும் கை போட்டதற்கு அவள் வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்புதான் அது. முதலில் தன்னை வெட்டி எடுத்தார். அது சுலபமாக வந்தது. பிறகு அவள் தோளில் மிச்சமிருந்த தன் விரல்களை ஒவ்வொன்றாக அழித்தார். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். விரல் இருந்த இடத்தில் சேலையின் பூவை அந்தப் பக்கத் தோளிலிருந்து எடுத்து ஒட்டினார். பூ சரியாகப் பொருந்தியது. யார் பார்த்தாலும் அந்தத் தோளில் ஒரு கை இருந்ததாகச் சொல்ல முடியாது. அப்படிச் சுத்தமாக வந்ததில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்குத் திருப்தியாக இருந்தது. கீழே பெயர்கள். வழக்கமாகக் கணவர், மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்குவார். காந்திமதிக்குப் பிள்ளை இல்லை. கணவர் என்று போட்டுத் தன் பெயரை அடித்தார், உடன்பிறப்பு என்று போட்டு வேலாயுதத்தின் பெயரை அடித்தார். அதோடு முடிந்தது. பாதிப் பக்கம் வெறிச்சென்று கிடந்ததால் எழுத்தைப் பெரிதாக்கினார். தோற்றம் என்று போட்டு அவள் பிறந்த தேதியை அடித்தார். மறைவு என்று போட்டு இரண்டு புள்ளி வைத்தார், அதற்குப் பக்கத்தில் கர்சர் மினுக் மினுக்கென்று நின்றது. அங்கே அவர் நிறுத்திக்கொண்டார்.

வலது எது இடது எது என்பதில் அவளும் அவரும் கல்யாணத்தன்றே தடுமாறினார்கள். தாலி கட்டும் வரை பெண் வலது பக்கம், கட்டிய பிறகு இடது பக்கம் என்று ஐயர் சொன்னார். காந்திமதி எழுந்து மாறி உட்கார்ந்தாள். புகை கண்ணைக் கரித்ததில் ஆவுடையப்பனும் எழுந்து மாறி உட்கார்ந்துவிட்டார். பந்தலே சிரித்தது. அவள் தலை குனிந்தபடியே, "நீங்க அங்கயே இருங்க, நான்தான் மாறணும்" என்று மெதுவாகச் சொன்னாள். அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு. அதற்குப் பிறகு வாழ்க்கை முழுக்க அப்படித்தானே ஆயிற்று, அவர் இருந்த இடத்திலேயே இருந்தார், அவள்தான் மாறிக்கொண்டாள். பிள்ளை இல்லாததற்கு யாருக்குக் குறை என்று அந்த நாளில் டாக்டர் சொன்னபோதும் அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தான் என்று ஊர் நினைத்துக்கொள்ள விட்டுவிட்டாள். வீட்டில் வயரிங் மாற்றியபோது எலக்ட்ரீஷியன் ஃபேன் சுவிட்சையும் லைட் சுவிட்சையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனான். அவர் மாதக்கணக்கில் லைட் என்று ஃபேனைப் போட்டுவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் இரண்டாம் நாளே பழகிக்கொண்டாள். மாவுக் கையோடு முழங்கையாலேயே சரியான சுவிட்சைத் தட்டுவாள். எப்படிடி உனக்கு மட்டும் என்று கேட்டால், "தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குன கை இது" என்பாள். சின்ன வயதில் அவள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள். கட்டையில் இருக்கிற காடிப் பள்ளங்களில் குச்சியைப் பரத்தி ஒரு குலுக்குக் குலுக்கினால் அது அது அதனதன் இடத்தில் போய் உட்காருமாம், கண்ணால் பார்த்து அடுக்கினால் பொழுது போதாதாம். கையை நம்பி விட்டுவிட வேண்டும் என்பாள். கையை நம்பி விட்டுவிட வேண்டும். இன்றைக்குக் காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். வலது கை மரத்துப் போய்விட்டது, இடது கைதான் கொஞ்சம் சூடாக இருந்தது. நர்ஸ், பேசுங்க, காதுல விழுந்தாலும் விழும் என்றாள். என்ன பேசுவது? வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகிடக்கிறது, எடுத்து மடிக்கத் தெரியவில்லை என்றார். பால்காரனிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டேன் என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அரை லிட்டர் போதும் என்றால் என்ன அர்த்தம்? அப்போது அவள் விரல் அசைந்தது. நிச்சயமாக அசைந்தது, அவர் கட்டை விரலை மெதுவாக அழுத்தியது. கத்திவிட்டார். டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சின்ன வயசு டாக்டர், நல்ல மாதிரிப் பேசுகிறவர். "அது தானா அசையறதுங்க ஐயா. அவங்க அசைக்கல" என்றார். அவங்க அசைக்கல என்றால் வேறு யார் அசைத்தது?

சேவ் பண்ணினால் அவள் செத்துப்போவாள். இப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்குத் தெரியும். படித்தவரில்லையென்றாலும் எத்தனை ஆயிரம் செத்தவர்களை இந்தக் கையால் அனுப்பி வைத்திருக்கிறார், ஒரு ஃபைலால் யாரும் சாகவில்லை, செத்த பிறகுதான் ஃபைல் வந்தது. ஆனால் இது முதல் முறையாக முன்னால் வருகிறதே. எல்லாம் எழுதித் தயாராக வைத்துக்கொண்டு, மறைவுக்குப் பக்கத்தில் இடம் விட்டு, வா வந்து நிரப்பு என்று காத்திருந்தால், அது வராதா? சேவ் பண்ணவில்லை என்றால் பிழைத்துவிடுவாளா? அதையும் நம்ப மனசு துணியவில்லை. அழித்துவிட்டு, அவள் போனால், வேலாயுதம் வேறு எவனிடமோ போவான். அந்த எவனோ காது குத்துப் படத்தில் இவர் கையோடு சேர்த்து அவளை வெட்டி, தோளில் யாருடையதோ மாதிரி நாலு விரலை விட்டு, முகத்தை அகலமாக இழுத்து, ஊதா வானத்தில் நட்டு, பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க ஒட்டுவான். நடுவில் இருக்கிறது கேன்சல். ஏற்கெனவே இரண்டு முறை அதை அமுக்கிவிட்டார். அமுக்கினால் பெட்டி போய்விடும், போஸ்டர் அப்படியே நிற்கும், காந்திமதி சிரிப்பாள். மூடப் போனால் பெட்டி மறுபடி வரும். கேன்சலால் ஒன்றும் கேன்சல் ஆவதில்லை, கொஞ்ச நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நீலம் வேறு. மூன்று பட்டனில் ஒன்று மட்டும் நீலமாக இருந்தால் அதைத்தான் அமுக்கு என்று மிஷின் சொல்கிறது என்று அர்த்தமாம், என்டரைத் தட்டினால் அதுவே அமுங்கிக்கொள்ளுமாம். யாரிடமும் கேட்காமல் மிஷினே முடிவு பண்ணி வைத்திருக்கிறது. வேலாயுதம் முடிவு பண்ணிவிட்டான், டாக்டர் முடிவு பண்ணிவிட்டார், மிஷினும் நீலம் பூசிக் காத்திருக்கிறது. நான் மாட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. காந்திமதியிடம்தான் சொல்லியிருப்பார். அவள், சரி விடுங்க, சாப்பிட வாங்க என்றிருப்பாள்.

"அண்ணாச்சி." முன்னால் கவுண்டரில் ஆர்டர் எடுக்கிற பெனிட்டா கண்ணாடித் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எட்டயபுரத்துக்காரங்க வந்துட்டாங்க. கல்யாணப் பத்திரிகை. உள்ள அனுப்பவா? நீங்க இருக்க நிலமையில வேண்டாம்னா நாளைக்கு வரச் சொல்லுதேன்." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு பெண்ணின் அப்பா வந்துவிட்டார், பின்னாலேயே அவர் சம்சாரம், கையில் மஞ்சள் தடவிய மாதிரித் தாளோடு. "நம்மளால தொந்தரவு இல்லியே தம்பி? நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஒரு பார்வை பாத்துட்டா ஆரம்பிச்ச மாதிரி ஆகிரும்" என்றார். பத்திரிகைக்கு வருகிறவர்கள் ஆபரேட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுத் திரையைப் பார்த்துத்தான் உட்காருவார்கள், இந்தத் தொழிலில் அது மாறாத வழக்கம். வந்தவர் ஏற்கெனவே ஸ்டூலை இழுத்துவிட்டார். கல்யாணப் பேச்சு எடுத்து மஞ்சள் தாளோடு நுழைகிற மனுஷன் முதலில் பார்ப்பது கண்ணீர் அஞ்சலியாக இருக்கக் கூடாது. அதைவிட, அதைவிட, காந்திமதியை அந்தப் பக்கத்தில் யாரும் பார்க்கக் கூடாது. ஆவுடையப்பன் திரையை உடம்பால் மறைத்து, வாயால் வாங்க வாங்க உக்காருங்க என்று சொல்லிக்கொண்டே, கண்ணை வந்தவர்கள் பக்கம் வைத்துக்கொண்டே அமுக்கினார். பெட்டி போயிற்று. போஸ்டரும் போயிற்று. திரையின் வெறும் நீலத்தில், இடது ஓரப் பட்டன் இருந்த இடத்தில் மவுஸ் அம்பு நின்றது.

பெண்ணின் அப்பா விநாயகர் எந்தப் பக்கம், குலதெய்வம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் மாதிரி ஃபைலைத் திறந்து பெண், மாப்பிள்ளை பெயர்களை அடித்தார். முதலில் வந்தது நிம்மதிதான். அழிந்துபோயிற்று, தான் முடிவு செய்யாமலே அழிந்துபோயிற்று, இடது ஓரம், டோன்ட் சேவ். காந்திமதிக்குக் கண்ணீர் அஞ்சலி என்று உலகத்தில் ஒரு ஃபைலும் இல்லை. மச்சினனிடம் மிஷின் அழித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ தூக்கியதுபோல் மூச்சு நீளமாக வந்தது. அடுத்த மூச்சில் அது திரும்ப வந்து உட்கார்ந்தது. கை ஏன் இடது ஓரத்துக்குப் போயிற்று? அவர் பார்க்கவில்லை. வலது, வலது என்று சொல்லிக்கொள்ளவில்லை. கை தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போயிற்று. இடது ஓரத்தில் இருப்பதாக அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சேவ். கண்ணை எடுத்த நொடியில், யாரும் பார்க்காத நொடியில், அவர் கை அவளுடைய சாவுப் போஸ்டரைப் பத்திரப்படுத்தத்தான் போயிருக்கிறது. மாட்டேன் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர் ஒருவர், அவருக்குக் கீழே இன்னொருவன் உட்கார்ந்து, இனி அவள் இல்லை, வேலையை முடி என்று கையை நீட்டியிருக்கிறான். பட்டன் இடம் மாறியிருந்ததால்தான் அது நடக்கவில்லை. அவருக்குக் காந்திமதியின் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது, அவள் கண்ணே திறக்கவில்லை என்றாலும். "பொண்ணு பேர மாப்பிள்ள பேரவிடக் கொஞ்சம் சின்னதாப் போட்டுட்டீங்களே தம்பி" என்று பெண்ணின் அம்மா வருத்தத்தோடு சொன்னாள். சரியா ஆக்கிருதேன்மா என்றார். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. அவர் துடைக்கவில்லை, கை எதற்கும் வேண்டாம் என்பதுபோல மடியில் கிடந்தது.

மேஜை மேலிருந்த செல்போன் அதிர்ந்து நகர்ந்தது. வேலாயுதம். எடுக்கும்போதே அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது, அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னான். "அக்கா போயிட்டா அத்தான். நம்மள விட்டுட்டுப் போயிட்டா." ஆவுடையப்பன் எழுந்து நின்றார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றார். பெண்ணின் அப்பா அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஸ்டூலை விட்டு எழுந்தார், அவர் சம்சாரம் மஞ்சள் தாளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பெனிட்டா ஓடி வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். "எப்ப?" என்று போனில் கேட்டார். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "இப்பத்தான். கொஞ்சம் முந்தி. உள்ள கூப்பிட்டாங்க, போறதுக்குள்ள முடிஞ்சிட்டு." கொஞ்சம் முந்தி என்றால் எவ்வளவு முந்தி? பெண்ணின் அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு முன்னாலா, வந்து உட்கார்ந்த பிறகா? கை இடது ஓரத்துக்குப் போனபோது அவள் இருந்தாளா? இருந்தவளுக்கா அவர் கை அதைச் செய்தது, இல்லை, போனவளை அறிந்துதான் போயிற்றா? இதைச் சாகிறவரைக்கும் அவர் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் எதற்குக் கேட்கிறீர்கள் என்பார்கள்.

அந்தப் பக்கம் வேலாயுதம் மூக்கை உறிஞ்சினான். யாரோ அவனை என்னவோ கேட்கிறார்கள், அவன் பொறுங்க பொறுங்க என்கிறான். பிறகு அவரிடம் வந்தான். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு அத்தான். நீங்க நேரா வீட்டுக்கு வந்திருங்க. ஊருக்குச் சொல்லணும், சாயங்காலத்துக்குள்ள ஒட்டணும். அந்தப் போஸ்டரு ரெடியா இருக்குல்ல?"

"இல்ல வேலு" என்றார். "நான் பண்ணல."

அழுகைக்கு நடுவில் அவன் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டது கேட்டது.

"பண்ணவே இல்லப்பா" என்று அவர் இன்னொரு முறை சொன்னார், அவனிடம் இல்லை.